பின் வலது டிரம்மில் மூன்றாவது தடவையாக எண்ணெய்: எங்கே தப்பு செய்கிறேன்?

அப்பாவின் பிக்கப் (கேள்வி)

வணக்கம். வண்டி 1999 மாடல் டீசல் பிக்கப், ஓடியது 4,12,000 கிலோமீட்டர். பின்பக்கம் பட்டை ஸ்பிரிங், டிரம் பிரேக் (சக்கரத்தோடு சுற்றுகிற டிரம்முக்குள் இரண்டு ஷூக்கள் விரிந்து உரசி நிறுத்துவது). அப்பா வாங்கியது. இருபது வருடம் அவர் கையில் இருந்தது, அதற்குப் பிறகு என் கையில். சின்ன வயதில் அவர் வண்டிக்கடியில் படுத்திருப்பார், நான் டார்ச் அடிப்பேன். இப்போது நான் படுக்கிறேன். அவருக்கு முழங்கால் மடங்காது, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருப்பார். இந்த வண்டியை விற்கிற பேச்சே எங்கள் வீட்டில் இல்லை. அதனால் "வேறு வண்டி பாருங்கள்" என்கிற பதில் மட்டும் வேண்டாம்.

விஷயம் இதுதான். பின் வலது டிரம்முக்குள் எண்ணெய் வருகிறது. பதினான்கு மாதத்தில் இது மூன்றாவது தடவை.

முதல் தடவை, காலையில் வண்டியை எடுத்ததும் முதல் பிரேக்கில் பின் வலது சக்கரம் மட்டும் கப்பென்று பிடித்தது. நாலைந்து தடவை மிதித்தபின் சரியாகிவிட்டது. மூன்று நாள் இப்படியே போனது, டிரம்மைக் கழற்றினேன். ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டேன், அதற்கே ஒரு சாயங்காலம் முழுக்கப் போனது. சுத்தியல் போட்டுத் தட்டித் தட்டிக் கை வலித்ததுதான் மிச்சம். டிரம் முகத்தில் மரை போட்ட இரண்டு சின்னத் துளைகள் இருப்பதை அப்பாதான் காட்டினார். இரண்டிலும் 8 மில்லி போல்ட்டு வைத்து, இதில் அரைச் சுற்று, அதில் அரைச் சுற்று என்று மாற்றி மாற்றி முறுக்கினேன். டிரம் தானாக வெளியே நகர்ந்து வந்தது. உள்ளே, ஷூக்களைத் தாங்குகிற தகடான பேக் பிளேட்டின் அடிப்பாதி முழுக்க ஈரம். ஷூக்களின் கீழ்ப்பாதி கறுத்து, கண்ணாடி மாதிரி மின்னியது.

சக்கரத்தைச் சுற்றுகிற தண்டான ஆக்சில் ஷாஃப்டை இழுத்து, எண்ணெய் வெளியே வராமல் அதைச் சுற்றித் தடுக்கிற ரப்பர் உதட்டு வளையமான ஆயில் சீலை மாற்றினேன். ஷூக்களைப் பெட்ரோலில் கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அதையே திரும்ப மாட்டினேன். ஐந்து மாதம் ஓடியது. மறுபடி அதே ஈரம். சீல்தான் மட்டமோ என்று அடுத்த தடவை வண்டிக்கென்றே வருகிற அசல் சீலைத் தேடி வாங்கிப் போட்டேன். ஷூக்கள் மறுபடி கழுவிய அதே ஷூக்கள்தான். போன வாரம் டயர் காற்றுப் பார்க்கக் குனிந்தபோது சக்கரத்தின் உள்பக்கம் கண்ணில் பட்டது. நடுவிலிருந்து விளிம்புவரை கம்பி கம்பியாக எண்ணெய்க் கோடுகள், அதன்மேல் தூசி அப்பியிருக்கிறது.

வண்டியைக் கவனிக்காமல் விட்டதில்லை. ஒன்றரை வருடம் முன்பு லோடு பாடிக்கு அடியில் இருந்த துருவையெல்லாம் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி, சேசிஸ், ஹவுசிங் (பின் ஆக்சிலையும் அதன் கியர் ஆயிலையும் மூடியிருக்கிற இரும்புக் கூடு), ஸ்பிரிங் பட்டை என்று ஓர் இடம் விடாமல் கறுப்பு அண்டர்கோட்டிங் இரண்டு கை அடித்தேன். பத்து நாள் வேலை. கியர் ஆயிலும் அப்போதே மாற்றினேன்.

இப்போது என் கேள்விகள். சீலோடு பேரிங்கையும் மாற்ற வேண்டுமா? ஷாஃப்டே போய்விட்டதா? இரண்டாவது, பிரேக் மிதித்தால் ஷூக்களைத் தள்ளுகிற வலது வீல் சிலிண்டரின் நிப்பிள் (பிரேக்கில் இருக்கிற காற்றை வெளியே விடுகிற சின்னத் திருகு) துருப்பிடித்து அசையவே மாட்டேன் என்கிறது. உடைந்துவிடுமோ என்று கை வைக்கவே பயமாக இருக்கிறது.

இன்னொன்று. போன தடவை ஹேண்ட் பிரேக் போட்டு, முதல் கியரில் விட்டுத்தான் வலது பக்கத்தைத் தூக்கினேன். அப்படியும் ஷாஃப்டை இழுக்கும்போது வண்டி ஒரு சாண் முன்னால் நகர்ந்து ஜாக்கி சாய்ந்துவிட்டது. கழற்றிய சக்கரத்தைச் சேசிஸுக்கு அடியில் படுக்க வைத்திருந்தேன், அதன்மேல் போய் உட்கார்ந்தது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. தரை பார்வைக்குச் சமமாகத்தான் இருந்தது. ஏன் நகர்ந்தது என்று இன்னும் புரியவில்லை.

ஸ்பேனர் பெட்டி

முதலில் அது எந்த எண்ணெய் என்று முடிவு செய்யுங்கள். டிரம்முக்குள் இரண்டு வழியில் ஈரம் வரும். ஆக்சில் சீல் வழியாகக் கியர் ஆயில், வீல் சிலிண்டர் வழியாகப் பிரேக் ஆயில். நீங்கள் சீலை மாற்றிக்கொண்டே இருக்கிறீர்கள், ஒழுகுவது சிலிண்டராக இருந்தால் எத்தனை சீல் போட்டும் பயனில்லை.

ஒரு டம்ளர் தண்ணீரில் அந்த ஈரத்தை ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். பிரேக் ஆயில் தண்ணீரில் கரைந்துவிடும். கியர் ஆயில் மேலே மிதக்கும். மூக்கும் சொல்லும், கியர் ஆயிலில் கந்தக வாடை தூக்கலாக இருக்கும்.

அப்பாவின் பிக்கப்

இப்போதுதான் பார்த்தேன். மிதக்கிறது. வாடையும் கந்தகம்தான், கையைச் சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை. ஆக கியர் ஆயில். ஆனால் சிலிண்டரின் ரப்பர் மூடியைத் தூக்கிப் பார்க்கவில்லை, ஷூக்களோடு அதுவும் எண்ணெயில் ஊறித்தான் கிடக்கிறது.

மலைப்பாதை

எண்ணெய் கதையை மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். வண்டி நகர்ந்ததைப் பற்றி மட்டும் நான் எழுதுகிறேன். அதைக் கடைசிப் பத்தியில் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள், எனக்குப் படிக்கும்போதே நெஞ்சு திக்கென்றது.

நீங்கள் ஹேண்ட் பிரேக் போட்டீர்கள், சரி. ஆனால் டிரம்மைக் கழற்ற ஹேண்ட் பிரேக்கை விட்டாக வேண்டும், இல்லாவிட்டால் ஷூ டிரம்மை விடாது. நீங்களும் விட்டிருப்பீர்கள். அந்த நிமிடத்திலிருந்து வண்டியைப் பிடித்திருந்தது கியர் ஒன்றுதான் என்று நினைத்திருப்பீர்கள். கியர் பிடித்திருந்தது புரொப்பல்லர் ஷாஃப்டை (கியர் பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்கு வருகிற நீளத் தண்டு) மட்டும். ஒரு சக்கரம் தரையிலும் ஒரு சக்கரம் அந்தரத்திலும் இருந்தால், ஹவுசிங்கின் நடுவில் உள்ள பெரிய பற்சக்கரமான கிரவுனுக்குள் இருக்கிற சின்னப் பற்சக்கரங்கள் வழியாகத் தரைச் சக்கரம் ஒரு பக்கம் உருளும், தூக்கிய சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றும். புரொப்பல்லர் ஷாஃப்ட் அசையாமலே வண்டி நகர்ந்துவிடும். வலது ஷாஃப்டை வெளியே உருவியபின் கேட்கவே வேண்டாம், அந்தப் பக்கம் தடுக்க ஒன்றுமே இல்லை. கண்ணுக்குச் சமமாகத் தெரிகிற தரையே போதும், நீங்கள் ஷாஃப்டைப் பிடித்து ஆட்டுகிற ஆட்டமும் சேர்ந்தால் வண்டி கிளம்பிவிடும்.

பின்பக்கம் தூக்குகிறீர்கள் என்றால் முன் சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். செங்கல் வேண்டாம், எடை ஏறினால் நொறுங்கும். கனமான மரக்கட்டையைச் சரிவாக அறுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும். தூக்கியதும் சேசிஸுக்கு அடியில் இரண்டு பக்கமும் ஸ்டாண்டு. ஸ்டாண்டில் இறக்கியபின் லோடு பாடியில் கை வைத்து நன்றாக ஒரு ஆட்டு ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே தலையைக் கொடுக்க வேண்டும். கழற்றிய சக்கரத்தை அடியில் படுக்கப் போட்டீர்களே, அந்தப் பழக்கத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் விடாதீர்கள்.

பழைய இரும்பு

தம்பி, மேலே சொன்னதை இரண்டு தடவை படித்துக்கொள். அப்புறம் இதைப் படி.

நான் இதே மாதிரி ஹவுசிங் உள்ள வண்டிகளோடு முப்பது வருடத்துக்கு மேல் கிடந்தவன். உன் கேள்வியில் எனக்குப் பட்டது சீல் இல்லை. இருபத்துநான்கு வருடம் ஒரு சொட்டு ஒழுகாத ஹவுசிங் திடீரென்று ஐந்து மாதத்துக்கு ஒரு சீலைத் தின்கிறது என்றால், அதற்குக் கொஞ்சம் முன்னால் அங்கே என்ன மாறியது? பதிலை நீயே எழுதியிருக்கிறாய். ஒன்றரை வருடம் முன்பு ஓர் இடம் விடாமல் இரண்டு கை கறுப்பு அடித்தேன் என்கிறாய். ஒழுகல் ஆரம்பித்தது பதினான்கு மாதம் முன்பு.

ஹவுசிங்கின் மேல் பக்கம், உன் வண்டியில் நடு உருண்டைக்குக் கொஞ்சம் தள்ளி, சுண்டுவிரல் நகம் அளவு ஒரு தொப்பி இருக்கும். சில வண்டியில் அதிலிருந்து ஒரு ரப்பர் குழாய் சேசிஸுக்கு ஏறும். அதுதான் பிரீதர். வண்டி ஓட ஓட ஹவுசிங் சூடேறும், உள்ளே இருக்கிற காற்று விரியும். அந்தக் காற்று பிரீதர் வழியாக வெளியேற வேண்டும். அது அடைத்துக்கொண்டால் காற்று எங்கே போகும்? இருக்கிறதிலேயே பலவீனமான வாயைத் தேடும். அது சீலின் உதடு. காற்று தள்ளத் தள்ள எண்ணெயும் கூடவே வரும். சீல் எந்தச் சரக்காக இருந்தாலும் அந்த அழுத்தத்துக்கு நிற்காது, அது அதற்காகச் செய்ததும் இல்லை.

அடைத்த பிரீதர் இன்னொன்றும் செய்யும். சூடான ஹவுசிங்கோடு தேங்கிய தண்ணீரில் இறங்கினால், உள்ளே காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கும். அப்போது அதே சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே உறிஞ்சும். எண்ணெய் பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் அதுதான் காரணம்.

நீ நம்ப வேண்டாம், சோதித்துப் பார். வண்டியை அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வா. சமதரையில் நிறுத்தி, கட்டை கொடுத்துவிட்டு, சூடு ஆறுவதற்குள், ஹவுசிங்கில் எண்ணெய் ஊற்றுகிற துளையை மூடியிருக்கிற மேல் ப்ளக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்து. முகத்தை நேராக வைக்காதே. உஸ்ஸென்று காற்று வந்தால் பிரீதர் செத்துவிட்டது.

அப்படியே மட்டமும் பார்த்துவிடு. எண்ணெய் அந்தத் துளையின் அடி விளிம்பில் நிற்க வேண்டும், சுண்டுவிரலை உள்ளே மடக்கினால் நுனி நனைய வேண்டும். துளை வழியாகக் கொட்டினால் கூடுதலாக ஊற்றியிருக்கிறாய். ஒரு பக்கம் ஜாக்கியில் நிற்கும்போது ஊற்றினால் இப்படித்தான் ஆகும். ஊற்றுவது 80டபிள்யூ-90 கனமும் ஜிஎல்-5 தரமும் உள்ள கியர் ஆயில். எப்போது மாற்றினாலும் மேல் ப்ளக் திறக்கிறதா என்று பார்த்த பிறகே கீழ் ப்ளக்கில் கை வை. கீழே வடித்துவிட்டு மேல் ப்ளக் திறக்கவில்லை என்றால் அன்றைக்கு வண்டி அங்கேயேதான்.

சரி, அழுத்தம் இரண்டு பக்கமும் ஒன்றுதானே, வலது மட்டும் ஏன் என்று கேட்பாய். வலது ஷாஃப்டில் சீல் உரசுகிற இடத்தைத் துடைத்து, விரல் நகத்தைக் குறுக்கே ஓட்டிப் பார். 4 லட்சம் கிலோமீட்டரில் பழைய சீலின் உதடு இரும்பிலேயே பள்ளம் போட்டிருக்கும். நகம் தடுக்கினால் புதுச் சீலும் அந்தப் பள்ளத்தில்தான் உட்கார்கிறது, பிடிப்பு இருக்காது. பேரிங்கையும் பார்: ஷாஃப்ட் உள்ளே இருக்கும்போது முனையைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டு. கையில் ஆட்டம் தெரிந்தால் பேரிங் போய்விட்டது, அந்த ஆட்டத்தில் சீல் நிற்காது. ஆட்டம் இல்லை, சுற்றினால் கரகரப்பும் இல்லை என்றால் பேரிங்கைத் தொடாதே. அது அழுத்தி ஏற்றியது, வீட்டில் சுத்தியலால் செய்கிற வேலை இல்லை.

ஷூக்களைக் கழுவிப் போட்டாயே, அது தப்பு தம்பி. ஷூ மேல் இருக்கிற உரசும் பட்டையான லைனிங் பஞ்சு மாதிரி. மேலே துடைத்துவிடலாம், உள்ளே குடித்தது சூடேறும்போதெல்லாம் வெளியே கசியும். காலையில் கப்பென்று பிடித்ததும் அதனால்தான். இரண்டு பக்கமும் சேர்த்துப் புதுசு போடு. ஒரு பக்கத்தை முழுக்க முடித்துவிட்டு மறுபக்கத்தைத் திற. ஒன்று கழற்றிக் கிடக்கும்போது மற்றது மாதிரிக்கு இருக்கும், எந்த ஸ்பிரிங் எந்தத் துளை என்று தடுமாற வேண்டாம். ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி வைக்கிற, நட்சத்திரப் பல் வைத்த அட்ஜஸ்டரை இடம் மாற்றிவிடாதே, இடதும் வலதும் மரை எதிரெதிர். பழைய லைனிங் தூளை வாயாலோ காற்றடித்தோ ஊதவே ஊதாதே. பழைய சரக்கில் அஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். சோப்புத் தண்ணீரில் நனைத்துத் துடைத்தெடு.

நிப்பிளுக்குப் பயப்படுகிறாய். அதோடு மல்லுக்கட்டவே வேண்டாம், சிலிண்டரையே மாற்று. பிரேக் சிலிண்டரின் ரப்பர் பிரேக் ஆயிலுக்கென்று செய்தது. கியர் ஆயிலோ பெட்ரோலோ பட்டால் ஊதிப்போகும். உன்னுடையது இரண்டிலும் குளித்திருக்கிறது. உன் கவனமெல்லாம் அதற்கு வருகிற இரும்புக் குழாயின் நட்டில் இருக்கட்டும். முந்தின நாளே துரு இளக்குகிற எண்ணெய் விட்டு ஊறவை. சாதாரண வாய் ஸ்பேனர் போட்டால் நட்டின் முனை மழுங்கும், குழாய் நட்டுக்கென்று வருகிற வெட்டு ரிங் ஸ்பேனர் போடு. முதலில் ஒரு நூல் இறுக்கு, பிறகு தளர்த்து. நட்டோடு குழாயும் சேர்ந்து முறுக்கிக்கொள்கிறதா என்று கண் வைத்துக்கொண்டே இரு. முறுக்கினால் நிறுத்திவிட்டுக் குழாயையும் மாற்றத் தயாராகு.

அப்பாவின் பிக்கப்

ஐயா, எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நீங்கள் சொன்னபடி ஓட்டிவிட்டு வந்து ப்ளக்கைத் திறந்தேன். அரைச் சுற்றுகூட ஆகவில்லை, உஸ்ஸென்று சீறி, கூடவே எண்ணெய் நுரையும் தெறித்தது. நாற்காலியில் இருந்த அப்பாவுக்கே கேட்டது. "அது என்னடா சத்தம்?" என்றார்.

பிரீதரைக் கண்டுபிடிக்கவே பத்து நிமிடம் ஆனது. ஏனென்றால் அது தெரியவே இல்லை. ஹவுசிங் மேல் ஒரு கறுப்புப் பரு மாதிரி இருந்தது. நான் அடித்த கோட்டிங்தான். கத்தி முனையால் சுரண்டச் சுரண்டத் தோல் மாதிரி உரிந்து வந்தது, உள்ளே தொப்பி. வண்டி துருப்பிடித்துவிடக் கூடாதே என்று பார்த்துப் பார்த்துப் பூசிய இரண்டாவது கை, அதன் மூச்சை அடைத்திருக்கிறது. அப்பாவிடம் சொன்னேன். அவர் எதுவும் சொல்லவில்லை, கையை நீட்டினார். அந்தத் தொப்பியைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். டீசலில் ஊறவைத்து, மெல்லிய கம்பியால் குத்தி, வாயில் வைத்து ஊதிப் பார்த்துக்கொண்டே இருந்தார். அரை மணி நேரம் கழித்துக் காற்று போனது. ஆனாலும் மூடி ஒட்டிக்கொண்டுதான் அசைகிறது, அதனால் புதிதாகவே ஒன்று போடப்போகிறேன்.

மட்டமும் கூடுதல்தான். கால் லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகத் தானாக வழிந்து நின்றது. நீங்கள் சொன்ன அதே தப்பு, போன தடவை வலது பக்கம் ஜாக்கியில் நிற்கும்போதே ஊற்றினேன். எண்ணெய் வெளுக்கவில்லை, கறுப்பாகத்தான் இருக்கிறது.

பேரிங்கில் ஆட்டம் இல்லை. ஷாஃப்டில் நகம் தடுக்குகிறது. மேலிருந்து பார்த்தால் ஒரு மினுமினுப்பான வளையம், அவ்வளவுதான் தெரிகிறது, ஆனால் நகத்தை ஓட்டினால் கண்டிப்பாக ஒரு படி இருக்கிறது. ஷாஃப்டை மாற்றத்தான் வேண்டுமா?

பழைய இரும்பு

பள்ளத்துக்கு ஷாஃப்ட் மாற்ற வேண்டாம். இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, அரை மில்லிகூட கனமில்லாத எவர்சில்வர் ஸ்லீவ் வரும், ஷாஃப்டின் விட்டத்தை அளந்து வாங்கிப் பள்ளத்தின் மேல் ஏற்றிவிடலாம். சீல் அதே அளவுதான். இன்னொன்று, சீல் உட்கார்கிற குழியில் இடம் இருந்தால் ஒன்றரை மில்லி முன்னே பின்னே உட்கார வைத்து, உதடு பள்ளத்தைவிட்டு வழவழப்பான இடத்தில் விழும்படி செய்வது. இரண்டாவதுதான் எளிது, முதலில் குழியை அளந்து பார்.

சீலைத் தட்டும்போது அகலமான சாக்கெட்டோ மரக்கட்டையோ வைத்துச் சுற்றிலும் சமமாகத் தட்டு. ஒரு பக்கம் சாய்ந்து இறங்கினால் அந்தப் பக்கம் கண்டிப்பாக ஒழுகும். உதட்டில் கிரீஸ் தடவு. ஷாஃப்டை உள்ளே விடும்போதுதான் பெரும்பாலான சீல் கிழிகிறது. அதன் முனையில் பல் பல்லாக இருக்கிறதே, அந்தக் கனத்தைச் சீல் மேல் சாயவிடாதே. ஒரு கையால் அடியில் தாங்கி, சீலில் படாமல் நடுவாகவே தள்ளு. பல் கிரவுனில் மாட்டும்போது ஒரு சின்னத் திருப்பு.

கடைசியாகப் பிரேக்கில் ஏர் எடுக்கும்போது, அதாவது குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றும்போது, மிதிக்கு அடியில் ஒரு மரத்துண்டு வை. மிதித்தால் பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளுகிற உன் மாஸ்டர் சிலிண்டர் பழையது. தினசரி ஓட்டத்தில் அதன் உள்ளே இருக்கிற ரப்பர் வாஷர் பாதி தூரம்தான் போய் வந்திருக்கும், அதற்கு அப்பால் அழுக்கும் துருவும் படிந்திருக்கும். தரைவரை மிதித்தால் வாஷர் அந்தச் சொரசொரப்பில் உரசிக் கிழியும், இல்லாத செலவு இழுத்துவிடும். பிரேக் ஆயில் மூடி திறக்காத புது பாட்டிலாக இருக்கட்டும். டாட் 4 தர ஆயில் என்றால் புதிதில் கொதிநிலை 230 டிகிரி, காற்றிலிருந்து ஈரம் குடித்தபின் 155. பாதி காலியாகி அலமாரியில் கிடக்கிற பாட்டிலை எடுக்காதே.

அப்பாவின் பிக்கப்

முடித்துவிட்டேன். முன் சக்கரத்துக்குக் கட்டை, சேசிஸுக்கு ஸ்டாண்டு, அதோடு அடியில் படுக்கப்போட்ட சக்கரம், எல்லாம் செய்து, ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனேன்.

குழியில் இடம் இருந்தது, சீலை ஒன்றரை மில்லி வெளியே நிறுத்தினேன். குழாய் நட்டு இரண்டு நாள் ஊறியும் முதலில் அசையவில்லை. நீங்கள் சொன்ன மாதிரி இறுக்கும் பக்கம் கொஞ்சம் கொடுத்ததும் டிக்கென்று ஒரு சத்தம். குழாய் முறுக்கவில்லை. அந்த டிக் சத்தம் கேட்டு எவ்வளவு நிம்மதி என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இரண்டு பக்கமும் புது ஷூ, வலது பக்கம் புதுச் சிலிண்டர், புதுப் பிரீதர்.

ஏர் எடுக்க அப்பா ஓட்டுநர் சீட்டில் ஏறினார். ஒரு காலால் மிதிக்க முடியும், ஏறுவதுதான் கஷ்டம். மிதிக்கு அடியில் மரத்துண்டு வைத்ததைப் பார்த்துவிட்டு, "இதை யார் சொன்னது? நல்லா சொல்லியிருக்காங்க" என்றார். நான் பின்னால் படுத்துக்கொண்டு, கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற குழாயை நிப்பிளில் மாட்டி, மறுமுனையைப் பிரேக் ஆயில் இருந்த பாட்டிலுக்குள் விட்டேன். "அழுத்துங்க" என்பேன். "அழுத்தியாச்சு" என்பார். நிப்பிளைக் கால் சுற்றுத் திறப்பேன், குமிழ் ஓடும், மூடுவேன். "விடுங்க" என்பேன். "விட்டாச்சு" என்பார். நடு நடுவே எழுந்து போய் டப்பாவில் ஆயில் குறையாமல் பார்த்துக்கொண்டேன். முதல் ஏழெட்டுத் தடவை பாசி மாதிரி பழுப்பாக வந்தது, அப்புறம் குமிழோடு தெளிவு, அப்புறம் குமிழே இல்லை. எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை, அப்பா எண்ணியிருக்கிறார். வலதில் இருபத்திரண்டு, இடதில் பதினாறாம். கடைசியில் மரத்துண்டை எடுத்துவிட்டு மிதித்துப் பார்த்து, "கல்லு மாதிரி நிக்குதுடா" என்றார்.

ஸ்பேனர் பெட்டி

அருமை. இரண்டு விஷயம். 100 கிலோமீட்டர் ஓடியபின் சக்கர நட்டுகளை எதிரெதிராக மறுபடி இறுக்கிப் பாருங்கள். புது ஷூ படியும்வரை முதல் சில நாள் திடீர்ப் பிரேக் வேண்டாம். அப்புறம், அடிப்பக்கம் முழுக்கக் கோட்டிங் அடித்ததாகச் சொன்னீர்களே, சேசிஸில் தண்ணீர் வடிகிற துளைகளும் அடைந்திருக்குமே? பெட்டி மாதிரி மூடிய சேசிஸ் என்றால் உள்ளே தண்ணீர் தங்கி உள்ளிருந்து அரிக்கும், வெளியே கறுப்பு பளபளவென்றே இருக்கும். குறிப்பாக பட்டை ஸ்பிரிங்கின் பின் ‘ஷேக்கில்’ (ஸ்பிரிங் நுனியைச் சேசிஸோடு இணைக்கிற துண்டு) மாட்டுகிற இடத்தைச் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும், அரித்த இடம் தொப்பென்று கேட்கும்.

அப்பாவின் பிக்கப்

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். 1,100 கிலோமீட்டர் ஓடிய பிறகு நேற்று வலது டிரம்மைக் கழற்றினேன். பேக் பிளேட்டை வெள்ளைத் துணியால் அடியிலிருந்து மேல்வரை துடைத்தேன். துணியில் வெறும் தூசி. ஷூ முழுக்க ஒரே நிறம். ஓட்டிவிட்டு வந்து மேல் ப்ளக்கையும் திறந்து பார்த்தேன், சத்தமே இல்லை.

வடிகால் துளைகள் பற்றிச் சொன்னது சரிதான். பக்கத்துக்கு ஆறு துளை, வலதில் நான்கும் இடதில் ஐந்தும் அடைந்திருந்தன. ஸ்குரூ டிரைவரால் குத்தியதும் இடது பின் மூலையிலிருந்து ஒரு டம்ளர் சேற்றுத் தண்ணீர் கொட்டியது. சுத்தியலால் தட்டிக்கொண்டே போனேன், அப்பா நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தார். எல்லா இடமும் கணீர், இடது பின் ஷேக்கிலுக்கு முந்தின ஒரு சாண் மட்டும் சத்தம் கொஞ்சம் மட்டு. தொப்பென்று இல்லை, கணீரென்றும் இல்லை. "அங்கே இன்னொரு தடவை தட்டு" என்று அவரே நிறுத்தினார். கோட்டிங்கைச் சுரண்டிப் பார்த்ததில் வெளித்தகட்டில் ஓட்டை இல்லை. உள்ளே காய்ந்ததும் துளை வழியாகக் குழாய் விட்டு மெழுகு மாதிரியான துருத் தடுப்பு அடிக்கலாம் என்று இருக்கிறேன். அதற்கு முன்னால் அந்த ஒரு சாண் இடத்தின் படத்தையும், தட்டும் சத்தத்தைப் பதிவு செய்தும் இங்கே போடுகிறேன். பழைய இரும்பு ஐயா ஒரு தடவை கேட்டுச் சொல்ல வேண்டும்.